அப்பா போனபோது கேரம் போர்டும் போனது: வடசென்னைப் பிள்ளைகளின் மனசைப் பற்றி

அந்தப் பையனுக்கு 14 வயது, ஒன்பதாம் வகுப்பு. அவன் அப்பா இறந்த மறுநாள் காலையில் நான் அந்தத் தெருவுக்குள் போனபோது, பந்தலுக்குப் பின்னால் நின்று பிளாஸ்டிக் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தான். வருகிறவர்களுக்கு எடுத்துப் போட்டான், அவர்கள் எழுந்து போனதும் திரும்ப அடுக்கினான். மேளச் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதுகூட கேட்கவில்லை. ஆனாலும் வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் அவன் தோளைப் பிடித்து, காதருகே குனிந்து ஒன்றையேதான் சொன்னார்கள்: "இனிமே நீதான்டா வீட்டுக்கு ஆம்பள. அம்மாவையும் தங்கச்சியையும் நீதான் பாத்துக்கணும்." ஒவ்வொரு தடவையும் தலையை ஆட்டினான். அழவே இல்லை. "எவ்ளோ தைரியமா இருக்கான் பாரு" என்று ஒரு பெரியம்மா என்னிடமே சொன்னார்.

காரியம் முடிந்து ஒரு மாதத்துக்குள் டியூஷனுக்கு வருவதை நிறுத்திவிட்டான். சாயங்காலம் எம்.சி. ரோட்டில் ஒரு துணிக்கடைக்கு வேலைக்குப் போகிறான் என்று அவன் அம்மா சொன்னார். ஞாயிற்றுக்கிழமை கேரம் ஆடுவதும் நின்றது. பள்ளிக்கூடத்தில் கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டான். அப்பா போனதை யாராலும் தடுத்திருக்க முடியாது. ஆனால் அதோடு சேர்த்து டியூஷனையும், கேரம் போர்டையும், அழுவதற்கு இருந்த உரிமையையும் அவனிடமிருந்து எடுத்துக்கொண்டது நாம்தான். பந்தலில் நின்ற அத்தனை பெரியவர்களும், நான் உட்பட.

தண்டையார்பேட்டையில் 11 வருஷமாக மாலை வகுப்பு நடத்துகிறேன். சாவு, வீடு காலி பண்ணுவது, அப்பா அம்மா பிரிவது, வேலை போவது, ஜெயில், வெள்ளம் என்று எல்லா மாதிரியான மாற்றத்திலிருந்தும் பிள்ளைகள் வந்திருக்கிறார்கள். இவ்வளவு வருஷத்தில் எனக்குப் பிடிபட்டது ஒன்றுதான். பெரிய மாற்றம் ஒன்றைப் பிள்ளைகள் எப்படியோ தாங்கிக்கொள்கிறார்கள். அந்த மாற்றம் தன்னோடு இழுத்துக்கொண்டு போகும் சின்னச் சின்ன விஷயங்கள்தான் அவர்களைக் கவிழ்க்கின்றன. ஒன்று மாறும்போது மற்றதையெல்லாம் மாறாமல் பிடித்து வைத்திருப்பது பெரியவர்களின் வேலை. அதைத்தான் நாம் செய்வதில்லை.

இது என் அனுபவம் மட்டும் இல்லை. 1967-ல் தாமஸ் ஹோம்ஸ், ரிச்சர்டு ரே என்ற இரண்டு அமெரிக்க மனநல மருத்துவர்கள் வாழ்க்கையில் நடக்கும் 43 நிகழ்வுகளைப் பட்டியல் போட்டு ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் கொடுத்தார்கள். கணவனோ மனைவியோ இறப்பது 100. விவாகரத்து 73. கல்யாணம்கூட அதில் உண்டு, அதற்கு 50. நல்லதோ கெட்டதோ, புதிதாக ஒன்றுக்குப் பழகிக்கொள்ள வேண்டியிருந்தால் உடம்பும் மனசும் அதற்கு விலை கொடுக்கின்றன என்பது அவர்கள் கணக்கு. ஒரே வருஷத்தில் மதிப்பெண் கூடக் கூட நோய் வரும் வாய்ப்பும் கூடுகிறது என்றார்கள். அந்தப் பட்டியலில் வீடு மாறுவதற்கு 20, பள்ளி மாறுவதற்கு 20. பெரியவர்களை வைத்துப் போட்ட கணக்கு அது, பிள்ளைகளுக்கென்று தனியாக அப்புறம் வந்தது. ஆனால் அந்த 20-ஐப் பார்க்கும்போதெல்லாம், அதைப் போட்டவர்கள் எங்கள் பக்கம் வீடு காலி பண்ணுவதைப் பார்த்திருந்தால் இப்படிப் போட்டிருப்பார்களா என்று எனக்குத் தோன்றும்.

இன்னொருவர் பிரிட்டனைச் சேர்ந்த குழந்தைகள் மனநல மருத்துவர் மைக்கேல் ரட்டர். 1960-களிலும் 1970-களிலும் இங்கிலாந்தின் வைட் தீவிலும் லண்டனின் ஏழைப் பகுதிகளிலும் பிள்ளைகளை ஆராய்ந்தவர். குடும்பத்தில் ஒரே ஒரு பெரிய கஷ்டம் மட்டும் இருந்த பிள்ளைக்கும், எதுவுமே இல்லாத பிள்ளைக்கும் மனநலப் பிரச்சினை வருவதில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை என்று அவர் கண்டார். இரண்டாவது கஷ்டம் சேர்ந்ததும் ஆபத்து பல மடங்கு ஏறியது, அதற்கு மேல் போகப் போக இன்னும் வேகமாக. அப்படியென்றால் இரண்டாவதைத் தடுத்தாலே பாதிப் போராட்டம் முடிந்த மாதிரி. அப்பா இறந்ததை மாற்ற முடியாது, டியூஷன் நிற்பதைத் தடுக்கலாம் இல்லையா?

வீடு காலி பண்ணுவதற்கு வருகிறேன், ஏனென்றால் வடசென்னையில் அதுதான் அதிகம் நடக்கிறது, அதைப் பற்றித்தான் குறைவாகப் பேசுகிறோம். வியாசர்பாடிப் பக்கம் கால்வாய் ஓரத்தில் இருந்த ஒரு குடும்பத்துக்குப் பெரும்பாக்கத்தில் குடியிருப்பு ஒதுக்கினார்கள். 30 கிலோமீட்டருக்குப் பக்கம். ஏழாவது மாடி, உள்ளேயே கழிப்பறை, மழை வந்தால் தண்ணீர் வராது. அம்மாவுக்குச் சந்தோஷம்தான், அதை நான் குறை சொல்ல மாட்டேன். அந்தப் பெண் அப்போது பத்தாம் வகுப்பு. பழைய பள்ளிக்கூடத்திலேயே பரீட்சை எழுத வேண்டும் என்று விடிகாலையில் கிளம்பி இரண்டு பஸ் மாறி வந்தாள். இரண்டு மாதம் வந்தாள். ஒரு நாள் என் வகுப்பில் நோட்டின் மேல் தலை வைத்துத் தூங்கிவிட்டாள். எழுப்பி டீ வாங்கிக் கொடுத்து "அங்க எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அங்க யாருமே 'எங்கடி போற'ன்னு கேக்க மாட்றாங்கக்கா" என்றாள்.

பழைய தெருவில் அந்தக் கேள்வியைக் கேட்டு அவளுக்கு அலுத்துப்போயிருந்தது எனக்குத் தெரியும். குழாயடியில், கடையில், மாடிப்படியில் உட்கார்ந்திருக்கும் ஆயா வரைக்கும் எல்லோரும் கேட்பார்கள். அந்தக் கேள்விதான் அவளைப் பிடித்து வைத்திருந்த கயிறு என்று அது அறுந்த பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. கூட நடந்து வந்த தோழி, அடுத்த தெருப் பாட்டி வீடு, ஆடி மாதம் கூழ் ஊற்றும் கோயில், கடன் சொல்லிப் பேனா வாங்கும் கடை எல்லாமே ஒரே லாரியில் ஏற்ற முடியாத சாமான்கள். அந்த 20 மதிப்பெண்ணில் இதெல்லாம் எங்கே இருக்கிறது?

இப்படி இடம் மாறும் குடும்பங்களுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நிறைய பேர் இதிலேயே மாட்டிக்கொள்கிறார்கள். 2009-ல் வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டப்படி எட்டாம் வகுப்பு வரை ஒரு பிள்ளை அரசுப் பள்ளி மாறக் கேட்டால் தலைமையாசிரியர் உடனே டி.சி. கொடுக்க வேண்டும். டி.சி. வர லேட்டாகிறது என்பதைக் காரணமாகக் காட்டிப் புதுப் பள்ளியில் சேர்க்க மறுக்கவோ தள்ளிப்போடவோ கூடாது. வருஷத்தின் நடுவில் வந்தாலும் சேர்த்துக்கொள்ள வேண்டும். "டி.சி. வந்ததும் வாங்க" என்று சொல்லி வீட்டில் உட்கார வைக்கும் மூன்று வாரத்தில் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் என்ற ஒழுங்கே போய்விடுகிறது, அது திரும்ப வருவது சுலபம் இல்லை. ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை இந்தச் சட்டம் இல்லை. பொதுத்தேர்வு வருஷமாக இருந்தால் பரீட்சை முடியும் வரை பாட்டி வீட்டிலோ அத்தை வீட்டிலோ தங்க வைக்க முடியுமா என்று பாருங்கள். அந்தப் பெண்ணுக்குக் கடைசியில் அப்படித்தான் செய்தோம். வாரத்தில் ஐந்து நாள் பாட்டி வீடு, சனி ஞாயிறு பெரும்பாக்கம். பாட்டியும் தினமும் தவறாமல் "எங்கடி போற" என்று கேட்டார்.

சில மாற்றங்கள் ஒரு வீட்டுக்கு மட்டும் வருவதில்லை, ஊருக்கே வருகின்றன. 2023 டிசம்பரை எண்ணூர்க்காரர்கள் மறக்க மாட்டார்கள். மாதத் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல், வெள்ளம். அந்த வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து கழிமுகத்துக்கு வந்து வலையையும் படகையும் வீட்டுச் சுவரையும் கறுப்பாக்கியது. மாதக் கடைசியில், 26-ஆம் தேதி நள்ளிரவில், கடலுக்குள் போகும் அம்மோனியா குழாயில் கசிவு, பெரியகுப்பம் சின்னகுப்பம் மக்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ராத்திரியோடு ராத்திரியாக வீட்டை விட்டு ஓடினார்கள். அரையாண்டுத் தேர்வு இதற்கு நடுவில் வந்தது. அதற்கப்புறம் பல மாதம், சாக்கடை நாற்றம் அடித்தாலே கதவைத் திறந்து வாசலுக்கு ஓடிய ஒரு ஆறாம் வகுப்புப் பையனை எனக்குத் தெரியும். அவன் அம்மா அதை "சேட்டை" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அது பயம். உடம்பு ஒரு தடவை கற்றுக்கொண்டதை மறக்காமல் செய்துகொண்டிருந்தது.

கடலை நம்பியிருக்கும் வீடுகளில் இன்னொரு கணக்கு உண்டு. காசிமேட்டில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். பிளஸ் டூ ரிசல்ட் வருவது மே மாதம். காலேஜ் விண்ணப்பம், ஃபீஸ், ஹாஸ்டல் எல்லாம் வீட்டில் காசு மிகக் குறைவாக இருக்கும் நேரத்தில் வந்து நிற்கின்றன. அப்பா நாள் முழுக்க வீட்டில் இருக்கிறார், கடன்காரர் வாசலுக்கு வருகிறார், பையன் கையில் மார்க் ஷீட். அந்த நேரத்தில் பிள்ளை "எனக்குப் படிக்கப் பிடிக்கல" என்று சொன்னால், அந்த வார்த்தையை அப்படியே நம்பிவிடாதீர்கள். வீட்டுச் சுமையைக் கூட்ட வேண்டாம் என்று அது தானாகவே ஒதுங்கிக்கொள்வதாக இருக்கலாம். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து படித்து மேலே போகும் பெண்களுக்கு 2022-லிருந்து புதுமைப் பெண் திட்டத்திலும், பையன்களுக்கு 2024-லிருந்து தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. ஃபீஸுக்கு அது போதாது, ஆனால் பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் வீட்டில் கை நீட்ட வேண்டாம் என்பதே ஒரு பிள்ளைக்குப் பெரிய நிம்மதி.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? "மன அழுத்தமா இருக்கு" என்று எந்தப் பிள்ளையும் வந்து சொல்லாது. "ஒரு மாதிரியா இருக்கு" என்று சொல்லும், அதுவும் பத்து தடவை "ஒண்ணும் இல்லக்கா" என்று சொன்ன பிறகு. சின்னப் பிள்ளைகளுக்குக் காலையில் பள்ளிக்கூட நேரத்துக்குச் சரியாக வயிற்று வலி வரும், நடிப்பு இல்லை, நிஜமாகவே வலிக்கும். பையன்கள் கோபமாகக் காட்டுவார்கள், கை ஓங்குவார்கள், "இவனுக்குத் திமிர் ஏறிடுச்சு" என்று வாத்தியார் எழுதி அனுப்புவார். நான் அதிகம் கவலைப்படுவது திடீரென்று ரொம்ப நல்ல பிள்ளையாகிவிடும் பெண்களைப் பற்றித்தான். எதையும் கேட்காமல், எல்லா வேலையையும் செய்துகொண்டு, தம்பியைக் குளிப்பாட்டி, அம்மா முகம் வாடினால் உடனே தண்ணீர் கொண்டுவந்து கொடுக்கும் பெண். வீடே மெச்சிக்கொள்ளும். யாரும் அவளைப் பற்றிக் கவலைப்பட மாட்டார்கள்.

படிப்பு ஏறாமல் போவதற்கும் காரணம் இருக்கிறது. ஆபத்து என்று மூளை நினைத்ததும் உடம்பு கார்டிசால் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. கொஞ்ச நேரத்துக்கு அது நல்லது, ஓடவும் சமாளிக்கவும் உதவும். வாரக்கணக்கில் அது குறையாமல் இருந்தால் தூக்கத்தைக் கெடுக்கிறது, புதிதாகப் படித்ததை மூளை பதிய வைப்பதையும் கெடுக்கிறது. இரண்டு மணி நேரம் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு வரிகூட நிற்கவில்லை என்று சொல்லும் பிள்ளை சோம்பேறி இல்லை. அந்த வயதுக்கு ராத்திரி எட்டிலிருந்து பத்து மணி நேரத் தூக்கம் தேவை. பத்துக்குப் பத்து அறையில் ஐந்து பேர் படுத்து, நடுராத்திரி வரை டிவியும் அம்மாவின் அழுகையும் கேட்டுக்கொண்டிருக்கும் வீட்டில் அது எங்கே கிடைக்கும்? பரீட்சைக்கு ஸ்பெஷல் டியூஷன் தேடுவதைவிட, பக்கத்தில் சொந்தக்காரர் வீட்டில் ஒரு மூலையில் படுக்க இடம் கேட்பது அந்த மாதத்தில் அதிகம் உதவும்.

துக்கம் பிள்ளைகளுக்குப் பெரியவர்களுக்கு வருவது போல வராது என்பதையும் புரிந்துகொள்ள வேண்டும். துண்டு துண்டாக வரும். காலையில் அழுத பிள்ளை பத்து நிமிஷத்தில் தெருவில் பந்து விளையாடும். "அப்பன் செத்து மூணு நாளாகல, சிரிப்பப் பாரு" என்று திட்டாதீர்கள். தாங்கக்கூடிய அளவுக்குத் தொட்டுவிட்டு வெளியே வந்து மூச்சு வாங்குகிறது, அவ்வளவுதான். எல்லாம் ஓய்ந்துவிட்டது என்று நாம் நினைக்கும்போது, ஆறு மாதம் கழித்து, பிராக்ரஸ் ரிப்போர்ட்டில் அப்பா கையெழுத்துப் போடும் இடம் வரும்போது உடையும்.

ஜெயில் விஷயம் தனி. அப்பா புழலில் இருக்கிறார், பிள்ளையிடம் "ஊருக்கு வேலைக்குப் போயிருக்காரு" என்று சொல்லி வைக்கிறார்கள். தெருவில் இருக்கும் மற்ற பிள்ளைகளுக்குத் தெரியும், மனு போட்டுப் பார்க்க அம்மா போவதும் தெரியும். அந்தப் பிள்ளைக்கும் தெரியும், ஆனால் தெரியாத மாதிரி நடிக்க வேண்டியிருக்கிறது, அம்மா கஷ்டப்படக் கூடாது என்பதற்காக. அப்பாவைப் பிரிந்த கஷ்டத்தோடு இந்த நடிப்பும் சேர்கிறது. வயதுக்குத் தகுந்த அளவு உண்மையைச் சொல்லிவிடுங்கள். "அப்பா ஒரு கேஸ்ல மாட்டியிருக்காரு, கோர்ட்டு முடிவு பண்ணும், அதுக்கு நீ காரணம் இல்ல." கடைசித் துண்டைக் கட்டாயம் சொல்ல வேண்டும். தன்னால்தான் எல்லாம் என்று நினைப்பது பிள்ளைகளின் இயல்பு.

பேச வைக்கிறேன் என்று கட்டாயப்படுத்தவும் வேண்டாம். பேரிடருக்குப் பிறகு எல்லோரையும் உட்கார வைத்து நடந்ததைச் சொல்லச் சொல்லும் முறை முன்பு இருந்தது. இப்போது உலக சுகாதார நிறுவனம் அதைப் பரிந்துரைப்பதில்லை. 2011-ல் அது வெளியிட்ட வழிகாட்டி பார்ப்பது, கேட்பது, உதவி கிடைக்கும் இடத்தோடு சேர்த்துவிடுவது என்ற மூன்றோடு நின்றுவிடுகிறது. நான் பார்த்த வரையில் பிள்ளைகள் முகத்துக்கு நேராக உட்கார்ந்தால் பேச மாட்டார்கள். பட்டாணி உரிக்கும்போது, பைக்கில் பின்னால் உட்கார்ந்திருக்கும்போது, கேரம் ஆடும்போது பேசுவார்கள். எங்கள் பக்கத்தில் கேரம் கிளப் இல்லாத தெரு குறைவு. 2024-ல் அமெரிக்காவில் நடந்த உலகப் போட்டியில் மூன்று தங்கம் வென்ற காசிமா புது வண்ணாரப்பேட்டைப் பெண்தான். ஆனால் பதக்கத்துக்காக இதைச் சொல்லவில்லை. தினமும் ஒரே நேரம், ஒரே நாலு முகம், கை வேலையாக இருக்கும்போது வாய் திறக்கிறது. பரீட்சை வருகிறது என்று முதலில் நிறுத்துவது இதைத்தான், கடைசியாக நிறுத்த வேண்டியதும் இதைத்தான்.

பிள்ளை ஒரு மாதிரியாக இருந்தால் பயந்திருக்கும் என்று தர்காவுக்கோ கோயிலுக்கோ சர்ச்சுக்கோ கூட்டிப்போய் மந்திரித்து வருவது இங்கே எல்லா மதத்துக்காரர்களும் செய்வது. நான் தடுக்க மாட்டேன். ஒரு சாயங்காலம் முழுக்க அம்மா தன்னை மட்டும் கவனித்தாள் என்பதே பிள்ளைக்கு மருந்து மாதிரிதான். ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் சாப்பாடு, தூக்கம், பள்ளிக்கூடம் மூன்றும் கெட்டுப்போயிருந்தால் அதோடு நிற்காதீர்கள். ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது, காசு கிடையாது. கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையின் வரலாறு 1794 வரை பின்னால் போகிறது, ஆனால் இவ்வளவு வருஷமாகியும் நம் தெருவில் "கீழ்ப்பாக்கம் கேஸ்" என்பது ஒரு வசவு. அந்த ஒரு வசவால் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் நின்ற வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். பிள்ளைகள் காதுபட அந்த வார்த்தையைச் சொல்வதை நிறுத்துங்கள், கெஞ்சிக் கேட்கிறேன். நாளைக்கு அதே பிள்ளைக்கு உதவி தேவைப்படும்போது அந்த வார்த்தைதான் வாசலில் நின்று மறிக்கும்.

ஒரு பிள்ளை "நான் இல்லாம போனா எல்லாருக்கும் நிம்மதி" என்கிற மாதிரி பேசினால், பிடித்த பொருளையெல்லாம் மற்றவர்களுக்குக் கொடுத்தால், நேராகக் கேளுங்கள்: "செத்துப் போயிடலாம்னு தோணுதாடா?" கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே ஊட்டிவிடுவோம் என்று பயப்படுகிறோம், அப்படி ஆவதில்லை என்று ஆய்வுகள் சொல்கின்றன. கேட்டதும் பெரும்பாலும் அழுவார்கள், அது நல்லது. அதன் பிறகு தனியாக விடாதீர்கள். மத்திய அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். தமிழக அரசின் 104-ம் அப்படித்தான். மாணவர்களுக்கு 14417, பிள்ளைகளுக்கு ஆபத்து என்றால் 1098. சென்னையில் 1986-லிருந்து இயங்கும் தற்கொலைத் தடுப்பு அமைப்பான சினேகாவின் எண் 044-24640050. பிள்ளையின் போனில் நீங்களே பதிந்து கொடுங்கள், எப்போதாவது தேவைப்பட்டால் தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

அந்தப் பையன் கதைக்கு வருகிறேன். அவனுடைய தாய்மாமனிடம் இரண்டு தடவை போய்ப் பேசினேன், அம்மாவிடம் நாலு தடவை. வேலையை ஒரேயடியாக விட முடியாது, வீட்டு வாடகை அப்படி. கடைசியில் மாமா பாதி வாடகையை ஏற்றுக்கொண்டார், பையன் சனிக்கிழமை மட்டும் கடைக்குப் போவது என்று முடிவானது. வகுப்பு வாத்தியாரிடம் சொல்லி இரண்டாவது பெஞ்சில் பழைய நண்பன் பக்கத்திலேயே உட்கார வைத்தோம். ஞாயிற்றுக்கிழமை கேரம் திரும்ப ஆரம்பித்தது. எங்கள் வகுப்பு வாசலில்தான் அந்த போர்டு இருக்கிறது.

நாலு மாதம் அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை போர்டில் பவுடர் தூவிக்கொண்டே, யாரையும் பார்க்காமல், "எங்கப்பா கட்ட வெரல்லதான்க்கா அடிப்பாரு. பாக்க அசிங்கமா இருக்கும், ஆனா விழுந்துடும்" என்றான். பசங்கள் எல்லோரும் சிரித்தார்கள், அவனும் சிரித்தான். ஒருத்தன் கட்டை விரலில் அடித்துக் காட்டினான், காய் விழவில்லை. அப்புறம் அந்தப் பையன் எழுந்து முகம் கழுவக் குழாய்ப் பக்கம் போனான். ரொம்ப நேரம் வரவில்லை. யாரும் போய்க் கூப்பிடவில்லை. அவன் முறை வந்தபோது ஸ்ட்ரைக்கரை அவன் பக்கத்துக் கோட்டில் வைத்துவிட்டு, மற்ற மூன்று பேரும் பேசிக்கொண்டிருந்தார்கள்.